நாலுக்குக் கீழே

1

இந்தக் கதை ஒரு கேக் டப்பாவிலிருந்து பிறந்தது.

(இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திருத்த வேண்டிவரும்.)

போன மாதம் தபாலில் வந்த தகர டப்பா அது. மூடியில் தேய்ந்துபோன ரோஜாப்பூ. பக்கவாட்டில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் ‘ஆறாம் வார்டு’ என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் ஏவ்ரில் ஹெஸ்லப், வயது எண்பத்திரண்டு. கூடவே ஒரு சீட்டு: “ஜோ, நான் இடம் மாறுறேன். புது ரூம்ல அடுப்பு கிடையாது. இனிமே இது உனக்குத்தான். இப்பவாச்சும் கேக் பண்ணக் கத்துக்கோ.”

ஜோ என்பது நான்தான். பெற்றவர்கள் வைத்தது பரஞ்சோதி. அதில் ஏவ்ரிலின் வாயில் நுழைந்தது கடைசித் துண்டு மட்டும்.

டப்பாவைத் திறந்தேன். கேக் இல்லை. பட்டர் காகிதத்துக்கு நடுவே இரண்டு கண்ணாடித் தாள்கள் இருந்தன. அந்தக் காலத்தில் விளக்குப் பெட்டியின் மேல் வைத்துச் சுவரில் படம் காட்டுவோமே, அந்தத் தாள்கள். இரண்டிலும் ஒரே தலைப்பு, ஒரே மாதங்கள். கோடுகள் மட்டும் வேறு. இரண்டையும் வரைந்தவன் நான். எலுமிச்சை வாசனை இன்னும் இருந்தது, அல்லது இருப்பதாக என் மூக்கு பிடிவாதம் பிடித்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘வடகடலிலிருந்து கிளம்பிய காற்று அந்த ஆஸ்பத்திரியின் ஜன்னல்களை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த ஒரு’

வேண்டாம். கதை எழுதத் தெரியாதவன்தான் முதலில் காற்றைக் கூப்பிடுவான்.

பிறகு இப்படி:

‘மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளுக்கு அளிக்கப்படும் கவனிப்பின் தரத்தைத் தொடர்ந்து கண்காணித்து மேம்படுத்துவதன் அவசியம் குறித்து’

இதுவும் வேண்டாம். இந்த மாதிரி வாக்கியங்களைப் பதினெட்டு வருஷம் சம்பளத்துக்குத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒருவரும் படித்ததில்லை, அதைச் சொன்ன மேலாளர் உட்பட.

மூன்றாவது தொடக்கம்: ‘இரவு எட்டரை மணிக்கு ஆறாம் வார்டில் டோஸ்ட் வாசனை எழும்.’

இது இருக்கட்டும். இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு டோஸ்ட் சுட்டேன். இருபத்திரண்டு வருஷம் கழித்தும் ஒரு ரொட்டித் துண்டுக்கு இவ்வளவு பலமா என்று வெட்கமாகவும் இருந்தது.

3

இரவு எட்டரை மணிக்கு ஆறாம் வார்டில் டோஸ்ட் வாசனை எழும். அதை எழுப்பியவள் ஏவ்ரில்.

[‘எழுப்பியவர்’ என்று போட்டுப் பார்த்தேன். மரியாதையாக இருந்தது, ஆனால் அவர் உடனே தள்ளிப்போய் நின்றுகொண்டார். கதைக்குள் ‘அவள்’ என்றே வைத்துக்கொள்கிறேன். டப்பா அனுப்பியவர் பெரியவர். கதையில் வருகிறவளுக்கு அறுபது வயதுதான், படிக்கட்டில் என்னை முந்திக்கொண்டு ஓடுவாள்.]

வருஷம் 2003. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், கடலைப் பார்த்து நின்ற சின்ன ஆஸ்பத்திரி. இப்போது அங்கே ஆஸ்பத்திரி இல்லை. கடல் தெரியும் அடுக்குமாடி வீடுகளாக்கிவிட்டார்கள். ஆறாம் வார்டு இருந்த இடத்தில் யாரோ சோபா போட்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏவ்ரில் அங்கே சர்க்கரை நோய்க்கென்று இருந்த தனி நர்ஸ். எந்த வார்டுக்கும் சொந்தமில்லை, எல்லா வார்டுக்கும் மாமியார். மாதாமாதம் வார்டு வார்டாகப் போய் சர்க்கரை சார்ட்டுகளை அள்ளிக்கொண்டு என் அறைக்கு வருவாள். நான் ஆடிட் குமாஸ்தா, பணத்துக்கு அல்ல, நோயாளிகளின் கவனிப்புக்கு. அவள் எண்களை வாசிப்பாள், நான் தட்டுவேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையில் ஜன்னல் கிடையாது. என் வாழ்க்கையின் நல்ல மத்தியானங்கள் பலவும் அங்கேதான் கழிந்தன.

நோயாளிகளுக்கு மாலை ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாடு கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் அது பஜ்ஜி நேரம். அப்புறம் காலை எட்டு மணி ஓட்ஸ் கஞ்சிவரைக்கும் பதினைந்து மணி நேரம் வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது. இன்சுலின் போட்ட உடம்பு அதைத் தாங்குமா? விடிகாலையில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். கவனிக்காமல் விட்டால் ஆள் விழுவார், அதற்கு மேலும் நடக்கும். நாலுக்குக் கீழே போனால் இறக்கம் என்பது அங்கே கணக்கு.*

ஜனவரியில் ஆறாம் வார்டில் மட்டும் முப்பத்தொரு இறக்கங்கள்.

“இதுல பாதி வியாதி இல்ல ஜோ, பட்டினி,” என்றாள் ஏவ்ரில். “படுக்கப்போறதுக்கு முன்னாடி ரெண்டு துண்டு டோஸ்ட் குடுத்தாப் போதும்.”

அதற்கு ஆஸ்பத்திரியின் தீ பாதுகாப்பு அதிகாரி குறுக்கே நின்றார். டோஸ்டர் கருகினால் அபாய மணி அடிக்கும், மணி அடித்தால் தீயணைப்பு வண்டி வரும். அதனால் வார்டுகளில் டோஸ்டரே கூடாது என்று சட்டம். ஏவ்ரில் ஒரு மாதம் முழுக்கப் போராடி ஒரே ஒரு வார்டுக்கு, ஒரே ஒரு டோஸ்டருக்கு அனுமதி வாங்கினாள். மேலிடம் ஒரு நிபந்தனை போட்டது: செப்டம்பரில் கணக்கைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இறக்கம் குறைந்திருந்தால் எல்லா வார்டுக்கும் டோஸ்ட். இல்லாவிட்டால் ஆறாம் வார்டிலும் டோஸ்டரைப் பிடுங்கிவிடுவார்கள்.

மார்ச்சில் டோஸ்ட் ஆரம்பித்தது. ஏப்ரலில் முப்பத்தொன்று இருபத்திநாலானது. கோடு இறங்கத் தொடங்கியதைப் பார்த்து ஏவ்ரில் என் மேஜையைத் தட்டினாள். என் தேநீர் கொட்டியது.

* நம் ஊர்க் கணக்கில் எழுபது சொச்சம். அங்கே இந்த ‘நாலு’ எல்லா நர்ஸுக்கும் தாலாட்டு மாதிரி மனப்பாடம்.

4

இனி கேக்.

மே மாதம் ஏவ்ரில் ஒரு காரியம் செய்தாள். ஆறாம் வார்டில் நர்ஸுகள் உட்காரும் இடத்துக்கு மேலே ஓர் அட்டையை மாட்டினாள். ‘இறக்கமில்லாத நாட்கள்’ என்று தலைப்பு. தினம் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். இருபது நட்சத்திரம் சேர்ந்தால் அந்த வார்டுக்கு ஏவ்ரிலின் கையால் ஓர் எலுமிச்சை கேக். நாலுக்குக் கீழே ஒரே ஓர் எண் வந்தாலும் அட்டை துடைக்கப்படும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்யாதவர்களுக்கு இது புரியாது. பிறந்தநாளா, கேக். வேலையை விட்டுப் போகிறார்களா, கேக். நோயாளி வீட்டுக்குப் போனாரா, கேக். செத்துப்போனாரா, அப்போதும் அவர் குடும்பம் ஒரு கேக்கோடு வந்து நன்றி சொல்லும். சம்பளம் ஏறாவிட்டால் முணுமுணுப்பார்கள். கேக் வராவிட்டால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அதிலும் ஏவ்ரிலின் எலுமிச்சை கேக்குக்கு மூன்று மாடி இறங்கி வருவார்கள்.

ஆறாம் வார்டின் தலைமை நர்ஸ் நார்மா டாட்ஸ். ஏவ்ரிலும் அவளும் ஒரே வருஷம் பயிற்சிக்குச் சேர்ந்து, ஒரே அறையில் தங்கி, ஒரே பையனால் ஏமாற்றப்பட்டவர்கள். நட்புக்கு இதைவிட உறுதியான அஸ்திவாரம் கிடையாது.

“ஏன்டி, நாலு மாசம் டோஸ்ட்டு சுட்டுச் சுட்டு என் கை வெந்துபோச்சு. கேக்கு எனக்கா, உன் அட்டைக்கா?” என்பாள் நார்மா.

“இருபது நாள் ஓட்டிக் காட்டுடி, அப்புறம் வாயைத் தொற,” என்பாள் ஏவ்ரில்.

ஜூனில் எண் ஒன்பதுக்கு இறங்கியது. ஜூலையில் நாலு. ஜூலைக் கடைசியில் ஆறாம் வார்டு இருபதாவது நட்சத்திரத்தை ஒட்டியது, கேக் போனது. எனக்கும் ஒரு துண்டு வந்தது. ஆகஸ்டிலும் நாலு.

அந்தக் கோட்டை நீங்கள் பார்க்க வேண்டும். முப்பத்தொன்றில் தொடங்கிப் படிப்படியாக நாலில் வந்து நிற்கும். எத்தனையோ வரைபடம் போட்டிருக்கிறேன், இவ்வளவு அழகானது எதுவும் இல்லை. ஏவ்ரில் அதன் கீழே என் பெயரையும் போடச் சொன்னாள். ஆடிட் குமாஸ்தாவின் பெயரை அதுவரை யாரும் எங்கும் போட்டதில்லை.

5

செப்டம்பர், இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆடிட் நாள். அன்று சார்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு கட்டிலாகப் போய் நோயாளியையே கேட்க வேண்டும்: சாப்பாடு நேரத்துக்கு வந்ததா, பாதங்களைப் பரிசோதித்தார்களா, இந்த வாரம் சர்க்கரை இறங்கியதா. நான் குறிப்பெழுதும் அட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஆறாம் வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் வில்ஃப் ஸ்டோக்கோ. எழுபத்தோரு வயது. பழைய சுரங்கத் தொழிலாளி. முப்பது வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், காலில் ஆறாத புண்ணுக்காக அனுமதிக்கப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கழிப்பறைக்குப் போகும்போது மயங்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, இப்போது மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய கவலை மணிக்கட்டு அல்ல. சனிக்கிழமை லீக் கண்காட்சி.

லீக் என்பது வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன். அந்த ஊர் ஆண்கள் பெண்டாட்டியின் பிறந்தநாளை மறப்பார்கள், லீக் பாத்திக்கு உரம் போடும் தேதியை மறக்கமாட்டார்கள். செப்டம்பரில் அவற்றைப் பிடுங்கி, சுற்றளவு அளந்து, யாருடையது பெரிது என்று போட்டி. வில்ஃப் நாற்பத்திநாலு வருஷம் தவறாமல் போனவர்.

“இந்த வாரம் சுகர் எப்பவாச்சும் இறங்கிச்சா வில்ஃப்?” என்று ஏவ்ரில் கேட்டாள். கையில் அவருடைய சார்ட். புதன் காலை 4.1. வெள்ளி காலை 4.3. ஞாயிறு காலை 4.2. எல்லாம் ஒழுங்கு.

“ரெண்டு தடவ கண்ணு. விழுந்ததையும் சேத்தா மூணு.”

“சார்ட்ல இல்லையே.”

“சார்ட்டு உங்களோடது. என்னோடது இது.” தலையணைக்கு அடியிலிருந்து இடது கையால் ஒரு குட்டி நோட்டை எடுத்தார். பாதி பக்கம் லீக் சுற்றளவுகள், பாதி பக்கம் சர்க்கரை, எல்லாம் பென்சிலில். “புதன், ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம், மூணு புள்ளி ரெண்டு. அந்தப் பொண்ணு ஜூஸ் குடுத்துச்சு. தங்கமான பொண்ணு. கால் மணி கழிச்சுத் திரும்பக் குத்திச்சு. நாலு புள்ளி ஒண்ணு. ‘சரியாப்போச்சு தாத்தா’ன்னு அதை எழுதிட்டுப் போச்சு. வெள்ளியும் அதே கதை.”

ஏவ்ரில் சார்ட்டில் புதன்கிழமையின் மேல் விரலை வைத்தாள்.

“டாக்டரு வந்தாரு, சார்ட்டப் பாத்தாரு, ‘ஜோரா இருக்கீங்க, அதே அளவு இன்சுலின்’னாரு,” என்றார் வில்ஃப். “நான் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. ஞாயித்துக்கெழம நான் தரைக்குப் போயிட்டேன்.”

“நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“அந்தப் பொண்ணுங்களுக்கு அட்டையில பதினெட்டு நட்சத்திரம் இருந்துச்சு கண்ணு. நான் எதுக்குக் கெடுக்கணும்?” நோட்டைத் திரும்பத் தலையணைக்கு அடியில் வைத்தார். “ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க போட்டியில முன்கூட்டியே ஆள் வந்து, செடி மண்ணுல இருக்கறப்பவே ஒவ்வொண்ணுக்கும் முத்திரை குத்திட்டுப் போவாங்க. கூடப்பொறந்தவன் லீக்கா இருந்தாலும் முத்திரை இல்லாட்டி மேஜையில வைக்க முடியாது. உங்க நம்பருக்கு யாரு முத்திரை குத்தறாங்க?”

6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். எழுதுகிறவனுக்குத் தன் பாத்திரத்தின் மேல் வரக்கூடாத சந்தேகம்தான்.

நாற்பது வருஷ நர்ஸ். நாலு மாதமாகக் கோடு கிணற்றில் கல் போட்டதுபோல் இறங்குகிறது. அவளுக்கா தெரியாமல் இருந்திருக்கும்? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாளா? முதல் வரைவில் ‘ஏவ்ரிலுக்கு உள்ளூர ஓர் உறுத்தல் இருந்தது’ என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நான் பார்த்த முகத்தில் உறுத்தல் இல்லை. கன்னத்தில் அறை வாங்கியவளின் முகம் அது.

[அவள் மேல் சந்தேகத்தை நகர்த்துவது எனக்கு வசதி. ஏன் என்று பிறகு.]

அன்று மத்தியானம் ஆறாம் வார்டின் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அந்த மெஷினுக்கு ஞாபகசக்தி உண்டு. ஒரு பொத்தானை அழுத்த அழுத்தப் பழைய எண்கள் தேதி நேரத்தோடு பின்னோக்கி வரும். அவள் அழுத்தினாள், வாசித்தாள், நான் எழுதினேன்.

“ஆகஸ்ட் இருபத்தெட்டு, காலைல அஞ்சு அம்பத்திரண்டு, மூணு புள்ளி நாலு. அதே நாள், ஆறு ஒம்பது, நாலு புள்ளி ரெண்டு.” சார்ட்டைப் புரட்டினாள். “சார்ட்ல நாலு புள்ளி ரெண்டு மட்டும்.”

அழுத்தினாள். வாசித்தாள். ஜோடி ஜோடியாக வந்தன. மூன்று மணி நேரம் ஆனது. ஜூலையில் மொத்தம் பதினாறு இறக்கங்கள். ஆகஸ்டில் பதினேழு.

“நாலு இல்ல ஜோ. பதினேழு.”

“முப்பத்தொண்ணுலேருந்து பதினேழு. கிட்டத்தட்டப் பாதி, ஏவ்ரில். நீங்க முதல்லயே சொன்ன பாதி.”

“அதைச் சொல்லிட்டு எவன் டோஸ்டரைக் காப்பாத்துவான்? நாலைக் காட்டறேன்னு போன வாரம்தானே மேல சொல்லிட்டு வந்தேன்.” மெஷினை மேஜையில் வைத்தாள். “ரெண்டு தாளும் போட்டு வை. வியாழக்கிழமை மீட்டிங்ல எதை எடுக்கறதுன்னு எனக்கே தெரியல.”

7

நார்மாவை ஏவ்ரில் வார்டுச் சமையலறையில் பிடித்தாள். நானும் வாசலில் நின்றேன், தேவையில்லாமல்தான்.

“எவளும் பொய் எழுதலடி,” என்றாள் நார்மா. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. “சுகர் எறங்கிச்சு, ஜூஸ் குடுத்தோம், திரும்பப் பாத்தோம், ஏறியிருந்துச்சு. ஏறினதை எழுதினோம். எந்த நோயாளியை நாங்க பாக்காம விட்டோம், சொல்லு?”

“வில்ஃப்.”

கத்தி நின்றது.

“உன் ஜூஸ் அன்னிக்குக் காப்பாத்திச்சு நார்மா. ஆனா டாக்டருக்கு மூணு புள்ளி ரெண்டு தெரிஞ்சிருந்தா இன்சுலினைக் கொறச்சிருப்பாரு. மனுஷன் விழுந்திருக்கமாட்டாரு.”

நார்மா கத்தியைக் கீழே வைத்தாள். “ஜூன்ல முதல் தடவையா பன்னெண்டு நட்சத்திரம் சேந்திருந்துச்சு. விடிகாலைல ஒருத்தருக்கு மூணு புள்ளி எட்டு. டியூட்டில இருந்தவ வேலைக்குச் சேந்து ஆறு வாரம். சுவத்துல சாஞ்சு அழறா, ‘எல்லாரோட கேக்கையும் நான் கெடுத்துட்டேன்’னு. நான்தான் சொன்னேன், ‘ஜூஸ் குடுத்துட்டு இன்னொருவாட்டி பாருடி, அதை எழுது’ன்னு. மூணு புள்ளி எட்டுதானே. ஒரு தடவதானே.” குரல் உடைந்தது. “அப்புறம் எல்லாரும் அதையே வழக்கமாக்கிட்டாங்க. நான் கேக்கல. ஜூலைல அந்த கேக்க வெட்டறப்ப அவங்க மொகத்தை நீ பாத்தேல்ல?”

“என் கேக்குக்காகவா?”

“உன் கேக்குக்காகத்தான்டி! வேற எதுக்கு?”

ஏவ்ரில் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தான் நல்லதென்று நினைத்து மாட்டிய அட்டை, கவனிப்பை உயர்த்தவில்லை, உண்மையைத் துரத்திவிட்டது என்று அவளுக்கு அந்த முக்காலியில்தான் புரிந்தது. நட்சத்திரத்தை ஒட்டச் சொன்னவளும் அவள்தான், துடைக்கச் சொன்னவளும் அவள்தான்.

“வியாழக்கிழமை என் பேரைச் சொல்லப்போறியா?” என்று நார்மா கேட்டாள்.

ஏவ்ரில் எழுந்து போனாள்.

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) ஏவ்ரில் அழகான கோட்டைக் காட்டுகிறாள். கைதட்டல். எல்லா வார்டிலும் டோஸ்ட். எல்லா வார்டிலும் அட்டை. எல்லா வார்டிலும் இரண்டாவது எண். ஆறு மாதத்தில் இன்னொரு வில்ஃப், இந்த முறை மணிக்கட்டோடு போகவில்லை.

(ஆ) உண்மைக் கோட்டைக் காட்டுகிறாள். டோஸ்டர் போகிறது. நார்மா போகிறாள். ஏவ்ரில் கேக் டப்பாவைக் கடலில்

இல்லை. சினிமாவாகிவிட்டது.

(இ) நடந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணி. நீள மேஜை, மேலிடத்து ஆட்கள் ஏழு பேர். விளக்குப் பெட்டியை இயக்க நானும் உள்ளே இருந்தேன். அதன் விசிறிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஏவ்ரில் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். சுவரில் இரண்டு கோடுகளும் ஒன்றாகக் கிளம்பி, நடுவில் பிரிந்தன.

“கீழ போறது நாங்க எழுதினது. மேல நிக்கறது மெஷின் சொல்றது,” என்றாள். “டோஸ்ட் பாதி இறக்கத்தை நிறுத்தியிருக்கு. மீதி வித்தியாசத்துக்குக் காரணம் நான். கேக் தர்றேன்னு சொல்லி நம்பரைக் கெடுத்தவ நான். வார்டுல யாரையும் கேக்க வேணாம், என்னைக் கேளுங்க.”

தீ பாதுகாப்பு அதிகாரி தொண்டையைக் கனைத்தார். தலைவர் இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இந்த நம்பரையெல்லாம் மாசாமாசம் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்களே. அந்த ஆள் கண்ணுல கூடவா படல?”

ஏவ்ரில் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“ஜோவா? அவன் கண்ணுல பட்டிருந்தா அன்னிக்கே ஓடிவந்து சொல்லியிருப்பான்,” என்றாள்.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

டோஸ்ட் தப்பித்தது. ‘பாதி என்றால் பாதிதான், நல்லதுதான்’ என்று கண்ணாடிக்காரர் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். நார்மாவின் பெயர் கடைசிவரை வரவில்லை. வில்ஃபின் இன்சுலின் அன்றே குறைக்கப்பட்டது. சனிக்கிழமை அவருடைய லீக்குகளை மச்சான் பிடுங்கிக் கொண்டுபோய் வைத்து மூன்றாம் பரிசு வாங்கிவந்தான். “நான் பிடுங்கியிருந்தா முதல் பரிசு,” என்றார், சாகும்வரை.

ஏவ்ரில் அட்டையைக் கழற்றினாள், கேக்கை நிறுத்தவில்லை. ஒரு சார்ட்டில்கூட எண் விடாமல் இரண்டையும் எழுதிய வார்டுக்குக் கேக் என்று விதியை மாற்றினாள். அடுத்த மாதமே ஆறாம் வார்டு வாங்கியது, பத்தொன்பது இறக்கங்களோடு. நார்மா டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்பினாள், உள்ளே ஒரு சீட்டுகூட இல்லாமல். இருவரும் மறுபடி ‘டி’ போட்டுப் பேசிக்கொள்ள ஒன்றரை வருஷம் ஆனது.

9

எட்டாவதோடு முடித்திருக்கலாம். நல்ல முடிவுதான். உண்மையில் போன வாரம் அங்கேதான் முடித்து, பக்க எண் போட்டு, கவரில் வைத்தேன்.

அது இரண்டாவது அளவு. ஜூஸ் குடித்தபிறகு எடுத்தது.

முதல் அளவு இது. ஜூலை மாதம், ஒரு மத்தியானம், ஜன்னல் இல்லாத என் அறையில், ஏவ்ரில் எண்களை வாசித்துவிட்டுப் போனபிறகு, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4.0, 4.1, 4.1, 4.2, 4.0, 4.3. நாலுக்குச் சற்று மேலே எண்கள் கும்பலாக நின்றன. நாலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுகூட இல்லை. 3.9 என்று ஒரே ஓர் எண் கிடையாது. மனித உடம்பு அப்படி வேலி கட்டிக்கொண்டு நிற்காது. அதைத் தெரிந்துகொள்ள நர்ஸாக இருக்க வேண்டியதில்லை, எண்களோடு பத்து வருஷம் இருந்த குமாஸ்தா போதும். எனக்குத் தெரிந்தது. வரைபடத்தின் கீழே என் பெயர் இருந்தது. தட்டில் பாதி கடித்த கேக் இருந்தது. ஃபைலை மூடினேன்.

ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை ஒன்றரை மாதம். வில்ஃப் விழுந்தது அந்த ஒன்றரை மாதத்தின் கடைசியில்.

ஆகவே திருத்தம்: இந்தக் கதை கேக் டப்பாவிலிருந்து பிறக்கவில்லை. ‘அன்னிக்கே ஓடிவந்து சொல்லியிருப்பான்’ என்ற வாக்கியத்திலிருந்து பிறந்தது. ஒருத்தி தன் தப்பை ஏழு பேர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டு, அதே மூச்சில் எனக்கு முத்திரை குத்தினாள். நான் விசிறிச் சத்தத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆறாவது பகுதியில் அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன் அல்லவா? அது அவள்மேல் விழ வேண்டிய சந்தேகம் இல்லை. என்மேல் விழ வேண்டியதை அவள் தலையில் கட்டினேன். மன்னியுங்கள்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். அவளுக்குத் தமிழ் தெரியாது.

10

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கு அவளுக்கு ஃபோன் செய்வது வழக்கம். நார்மா போய்விட்டாள், வில்ஃப் போய்விட்டார், ஆஸ்பத்திரியும் போய்விட்டது. அந்த மாடிப்படிக்குக் கீழே நடந்ததைப் பற்றிப் பேச உலகத்தில் நாங்கள் இருவர்தான் மிச்சம். அவளை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதைப் பயம் என்று சொல்லவே இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

போன வாரம் கேட்டாள்: “என்னப்பா எழுதிட்டிருக்க?”

“கேக்கைப் பத்தி.”

“எழுது, எழுது. நான் நல்லா வர்றேனா அதுல?”

“ரொம்ப நல்லா வர்றீங்க.”

“நீ?”

லைன் சரியில்லை என்றேன்.

இன்று ஞாயிறு. மணி நாலாகிறது. டப்பா மேஜைமேல் இருக்கிறது. எண்களை அழுத்திவிட்டேன். அங்கே மணி அடிக்கிறது.

“ஹலோ, ஜோவா? கேக் பண்ணிப் பாத்தியா?”

“இன்னும் இல்ல. ஏவ்ரில், ஒரு விஷயம். அந்த வருஷம், ஜூலை மாசம், நான்

இதற்குமேல் என் சார்ட்டில் கட்டம் காலியாக இருக்கிறது. தேதியும் நேரமும் போட்டுவிட்டேன். நான் சொன்னேனா, அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே நிரப்புங்கள். ஒன்றே ஒன்று: முதலில் தோன்றுவதை எழுதுங்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொருவாட்டி பார்க்காதீர்கள்.